வேல்காரனுக்குக் கிடைத்த பதவி

நான் அந்தக் கட்டடத்தின் நான்கு மாடிப் படிகளையும் கழுவித் துடைக்கிறவள். ஈரம் காயும்முன் வருகிறவர்கள் மிதித்துக்கொண்டுதான் போவார்கள். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் லிப்ட் மெக்கானிக் மட்டும் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக ஏறுவார்.

லிப்டே இல்லாத கட்டடத்தில் லிப்ட் மெக்கானிக் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அவரும் சிரித்து வைப்பார். மனைவி போய்ச் சேர்ந்தாள். மகள் வேலைக்கென்று தூர தேசம் போனாள். மிச்சம் ஒற்றை அறையும் பழைய கம்ப்யூட்டரும். அதில் மகளோடு ஒரு போர் விளையாட்டு. இன்று இவர் படையை நகர்த்தி அனுப்பினால், நாளை அவள் நகர்த்தி அனுப்புவாள். கூடவே ஒரு வரி எழுதுவாள், "சாப்பிட்டீங்களாப்பா" என்று. அந்த வரிக்காகவே மனிதர் வேலை விட்டதும் ஓட்டமாக வருவார்.

ஒரு நாள் அறையைப் பெருக்கும்போது, திரையில் வேலோடு நின்ற வீரனைக் காட்டிக் கேட்டேன், "இந்த வேல்காரன் தோள்ல என்ன மூணு பட்டை?"

"சண்டை போட்டுப் பொழச்சா அனுபவம் ஏறும்கா. நெறஞ்சா பதவி உயர்வு. அப்ப ரெண்டுல ஒண்ணுதான் கேக்கலாம். புதுசா ஒரு திறமை, இல்லன்னா பட்ட காயமெல்லாம் உடனே ஆறணும்."

"உங்க பொண்ணு எதக் கேப்பா?"

"காயத்தத்தான் ஆத்துவா, அவங்கம்மா மாதிரி. அதான் அவ ஆளுங்க இன்னும் கத்துக்குட்டிங்க. நான் திறமையா வாங்கிக் குவிச்சிட்டேன்."

அதுவே வினையாயிற்று. மகளுக்கு ஒரே ஓர் ஊர் மிச்சம்; வாசலில் இவருடைய வேல்காரன். அடித்தால் ஆட்டம் முடியும், அந்த வரியும் நின்றுபோகும். அதனால் ஒரு மாதமாகத் தினமும் அடிக்கவிடாமல் அவனுக்கு ஓய்வு கொடுத்தார், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாதவனுக்கு. இப்படியே ஓடட்டும் கடவுளே என்று நானும் வேண்டிக்கொண்டேன்.

பிறகு மகள் எழுதினாள்: "எனக்காக விட்டுக்குடுக்காதீங்கப்பா. அவமானமா இருக்கு."

அதை எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு அவளுடைய அந்தக் கடைசி ஊரை அடித்தார். வேல்காரனுக்கு நான்காவது பட்டை விழுந்தது. என்ன வேண்டும் என்று திரை கேட்டது. எதையும் தொடாமல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டார்.

பதினெட்டு நாள் மகளிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. அதற்குள் கம்பெனி அவரை மேற்பார்வையாளராக்கி வேறு ஊருக்கு மாற்றியது. வண்டியில் சாமான் ஏற்றிய அன்று, கம்ப்யூட்டரை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"போய்ச் சேந்ததும் புது ஆட்டம் ஆரம்பிச்சு அவளுக்கு அனுப்பப் போறேங்கா. இந்தத் தடவ நான் தோக்கணும். மெதுவா தோக்கணும், அவளுக்குத் தெரியவும் கூடாது. சாமிகிட்ட கொஞ்சம் சொல்லி வைங்க."