அண்ணி வீட்டு ஆணி

என் மேசைமேல் ஒரு பீங்கான் கிண்ணத்தில் ஒற்றை ஆணி கிடக்கிறது. விரல் நீளம், அகன்ற தலை, சதுரமான உடம்பு. வண்டிப் பட்டறையில் கையால் அடித்த பழைய ஆணி. என் மகன் இதை இரண்டு முறை குப்பையில் போட்டான். இரண்டு முறையும் நான் போய்ப் பொறுக்கி வந்தேன். "இன்னாப்பா, இதுல அப்படி இன்னா இருக்குது?" என்று கேட்டான். பதில் சொல்லவில்லை. சொன்னால் மானம் போய்விடும் என்ற பயம் இத்தனை வயதிலும் என்னை விடவில்லை.

அதை அடித்தவர் என் அண்ணன். ஆம்பூருக்குப் பக்கத்தில் வண்டி செய்துகொண்டிருந்தவர், கல்யாணமாகி நாலாம் வருடம் காலராவில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அண்ணி பிறந்த வீட்டுக்குப் போகாமல் அதே வீட்டில் தனியாக இருந்துகொண்டார். நானும் என் மனைவியும் அடுத்த வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. அண்ணிக்கும் எனக்கும் தோல் பதனிடுகிற ஒரே டேனரியில் வேலை. நான் தோல் ஊறும் குழிகளில் இறங்குகிறவன். அண்ணி முற்றத்தில் பெண்களோடு உட்கார்ந்து, அந்தக் குழிகளில் கரைக்கிற கடுக்காயை இடிக்கிறவர். கழிவாகும் கடுக்காயை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்து, வீட்டில் கொதிக்கவைத்து, அண்ணன் விட்டுப்போன ஆணிகளை அதில் ஊறப்போட்டு, கருவேலம் பிசின் கலந்து எழுதுகிற மை காய்ச்சுவார். மக்தபில் ஓதுகிற பிள்ளைகளும் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அந்த மையில்தான் எழுதினார்கள். அதனால் அண்ணியின் விரல்கள் எப்போதும் கறுப்பு. பற்கள் மட்டும் பளிச்சென்று இருக்கும். நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால், "இன்னா தம்பி, சுண்ணாம்புல ஊறுன ஆட்டுத்தோலாட்டம் இருக்குது மூஞ்சி?" என்று சொல்லிவிட்டு அந்தப் பற்கள் அத்தனையும் தெரியச் சிரிப்பார்.

அந்த வருடம் மழைக்கு முன்னால், ஒரு குழியிலிருந்து எடுத்த ஆட்டுத்தோல்களில் கறுப்புக் கறை இருந்தது. சில கறைகள் ஐந்து விரலைப் பதித்தது போலவே இருந்தன. மேஸ்திரி புதிதாக வாங்கிய வாளியின் இரும்புப் பட்டைதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. அன்று யாருக்கும் தெரியாது. அதே வாரம் மேஸ்திரியின் மகளுக்குக் காய்ச்சல் வந்து இறங்காமல் இருந்தது. விரல் கறையையும் பிள்ளையின் காய்ச்சலையும் சேர்த்து முடிச்சுப் போட எங்களுக்கு அரை நாள்கூட ஆகவில்லை. மந்திரவாதி ஒருவர் வந்தார். வெற்றிலையில் மை தடவிப் பார்த்தார். "கை கறுத்தவ, புருசன் இல்லாதவ, மை வெச்சுட்டா" என்றார்.

நம் பேச்சில் எழுதுகிறதும் மை, வசியத்துக்கு வைக்கிறதும் மை. அந்த ஒரு சொல் அண்ணியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

சூனியம் குழிக்குள் இறங்காமலிருக்க ஆளுக்கு நாலு இரும்பைத் துணியில் முடிந்து குழியில் போடச் சொன்னார் மந்திரவாதி. எல்லோரும் போட்டார்கள். என்னிடம் இரும்பு ஏது? அண்ணி வேலையிலிருந்து திரும்பும் முன்னால் அவர் வீட்டுக்குள் போய், அண்ணனின் ஆணிகளில் நாலை எடுத்துவந்து போட்டேன். அண்ணியிடமிருந்து தப்பிக்க அண்ணி வீட்டு ஆணி! இதைவிட வெட்கங்கெட்ட காரியத்தை நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

அடுத்த தடவை தோல் எடுத்தபோது, எந்தக் குழியைப் பார்த்தாலும் கறுப்பு. இப்படியே போனால் டேனரியை மூடிவிடுவேன் என்று முதலாளி சாயபு சத்தம் போட்டார். ஊர் கொதித்துப்போனது. அண்ணி வீட்டுக்குள் புகுந்து மைப்பானையைத் தூக்கி வந்தார்கள்.

சூனியக்காரி என்று முடிவாகிவிட்டால் அப்போது ஒரு தண்டனை இருந்தது. முன்பற்களைத் தட்டிவிடுவார்கள். பல் போனால் மந்திரம் சுத்தமாக வாயில் வராது, காற்றாகப் போய்விடும் என்று கணக்கு. பக்கத்து ஊரில் அப்படிப் பல் இழந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். சாகும்வரை கையால் வாயை மூடிக்கொண்டே பேசினாள்.

வெள்ளிக்கிழமை, டேனரிக்கு லீவு. பட்டப்பகலில் புளியமரத்தடியில் அண்ணியை நிறுத்தினார்கள். மேஸ்திரியின் கையில் குறடு. மகளைத் தூக்கிக்கொண்டு தூங்காமல் அலைந்து அவர் கண்கள் சிவந்திருந்தன. நான் கூட்டத்தில், முன்வரிசையில்கூட இல்லை, மூன்றாவது வரிசையில் நின்றேன்.

அண்ணி அழவில்லை. "பல்லைத் தட்றதுன்னா தட்டுங்க. அதுக்கு முந்தி ஒரு சட்டி கடுக்காய்த் தண்ணி எடுத்துக்கினு வாங்க. அந்தக் கொறட்டை அதுல போடுங்க. நான் ஒரு வாய் வெத்தலை போட்டுக்கறேன், அவ்ளோதான்" என்றார்.

போட்டார்கள். அண்ணி மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி மென்றார். எந்தப் பற்களைத் தட்ட வந்தார்களோ அந்தப் பற்களால் அவசரமில்லாமல் மென்றார். அந்தத் தைரியத்தை நான் பிறகு எந்த ஆம்பிளையிடமும் பார்த்ததில்லை. துருப்பிடித்த குறட்டைச் சுற்றி முதலில் புகைபோல ஏதோ கலங்கியது. பிறகு தண்ணீர் நீலமாகி, அண்ணி சாற்றைத் துப்பி முடிப்பதற்குள் சட்டி முழுக்கக் கறுப்பு.

"அவ வாய்க்குள்ள மந்திரம் சொன்னா!" என்று கத்தினார் மந்திரவாதி.

"வாய் முழுக்க வெத்தலை சாமி, மந்திரத்துக்கு எடம் ஏது?" என்றார் அண்ணி. யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் கூட்டத்தின் பிடி தளர்ந்தது. அண்ணி மேஸ்திரியைப் பார்த்து, "கொறடுதான் சூனியக்காரின்னா அதும் பல்லைத் தட்டுங்க. இல்லாங்காட்டி, குழியில இரும்பு போட்டது யாருன்னு கேளுங்க" என்றார்.

மேஸ்திரி கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். "நான் போட்டேன்" என்ற இரண்டு சொல் நாக்குவரை வந்து திரும்பிப்போனது.

அவர் குறட்டைச் சட்டியிலேயே விட்டுவிட்டுக் குழிகளை இறைக்கச் சொன்னார். முடிச்சு முடிச்சாக வெளியே வந்தன: லாடம், சங்கிலித் துண்டு, உடைந்த அரிவாள். ஒரு முடிச்சில் சதுர உடம்புள்ள நாலு ஆணி. ஊரில் அப்படி ஆணி அடித்தவர் ஒருவர்தான். அண்ணி குனிந்து அந்த நாலையும் எடுத்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். யாரும் கேட்பதற்கு முன்னால் மடியில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் டேனரியில் இரும்பு வாளி கூடாது, மரவாளிதான் என்று சட்டம் வந்தது. மேஸ்திரியின் மகளுக்குக் காய்ச்சல் தானாக இறங்கியது. அவளே பிறகு அண்ணியிடம் மை வாங்க வந்தாள்; அண்ணி ஒரு சொல் குத்திக்காட்டாமல் கொடுத்தார். என்னிடமும் கேட்கவில்லை. எப்போதும் போலக் கேலி செய்தார், என் பிள்ளைகளை வளர்த்தார், எழுபது தாண்டியும் முறுக்கைக் கடித்துத் தின்றார். கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கேட்காததால் தினமும் செத்தேன். கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது ஒருநாள் என்னை அழைத்து, தலையணைக்கு அடியிலிருந்து இந்த ஒரு ஆணியை எடுத்துக் கையில் வைத்தார். "உங்க அண்ணன் ஞாபகமா வெச்சுக்கோ தம்பி" என்றார். அந்தக் கறுத்த விரல்களை நான் பிடித்துக்கொண்டேன். அப்போதுகூட அந்த இரண்டு சொல் வரவில்லை.

இன்று காலை நாட்டு மருந்துக்கடையில் கடுக்காய் வாங்கி வந்து, தட்டிக் கொதிக்கவைத்து, கிண்ணத்தில் ஆணியின்மேல் ஊற்றினேன். ஒரு வெற்றிலை போட்டேன். மென்று முடிப்பதற்குள் தண்ணீர் கறுத்துவிட்டது. பிசினைக் கரைத்தேன். இந்தப் பக்கங்களை அதில் தொட்டுத்தான் எழுதுகிறேன். என் விரலும் கறுத்திருக்கிறது. மகன் வந்து படிக்கட்டும்.

நான் போட்டேன், அண்ணி.