இடக்காலின் மேல் இருக்க வைத்த கதை

மகள், நீ பிறந்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் வாப்பா உன்னைக் கண்டேன் என்று உம்மா சொல்லியிருப்பா. ஏன் அவ்வளவு பிந்தினேன் என்று சொல்லியிருக்க மாட்டா. அவவுக்கு அதில் இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது. நானே எழுதிவிடுகிறேன். தம்பிமாரும் வாசிக்கட்டும்.

ஏ.எல். பரீட்சையில் கோட்டை விட்ட எனக்கு, எண்பதுகளின் தொடக்கத்தில், கராச்சியில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்தது. இரண்டு வருஷ டிப்ளோமா. நம்முடைய கல்முனையில் அப்போது அந்தச் சொல்லே யாருக்கும் பிடிபடாது. "கைகால் அமத்தி விடுறதுக்கா மருமகன் கடல் தாண்டிப் போறீங்க? வாங்க, நான் இங்கேயே படிப்பிச்சுத் தாறன்" என்று மாமா ஒருவர் சந்தையில் நாலு பேர் பார்க்கச் சிரித்தார். நீ அப்போது உம்மாவின் வயிற்றில்.

முதல் வருஷப் பரீட்சை பாசானால் இரண்டு மாத லீவு. வந்து உன்னைப் பார்க்கலாம். அந்த எண்ணத்தில்தான் நாட்கள் போயின. விடிய எழும்பினால் ரொட்டி சுடும் வாசம். சோறு வெள்ளிக்கிழமை மட்டும். பள்ளிவாசலில் முதல் மஃரிப் தொழுகைக்கு நம்முடைய ஊரைப் போல நான் சத்தமாக "ஆமீன்" சொன்னேன். என் குரல் மட்டும்தான் கேட்டது. தொழும் முறையில் அவர்கள் ஹனபி மத்ஹபுக்காரர்கள், வாய்க்குள்ளே சொல்லிக்கொள்வார்கள். நாம் ஷாபி. அன்றைக்கு அந்த வித்தியாசத்தைச் சிரித்து மறந்துவிட்டேன்.

பரீட்சைக்கு ஆளுக்கொரு நோயாளியைத் தந்தார்கள். எனக்கு வந்தவர் ஒரு தேநீர்க் கடைக்காரர், அறுபது வயதிருக்கும். இடது முழங்கால் சிரட்டை உடைந்து, கட்டு அவிழ்த்த பிறகும் கால் மடங்கவில்லை. பள்ளியில் தொழுகை வரிசையின், சப்பின், ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டு தொழுதார். அது அவருக்குப் பெரிய வெட்கம். 'இவரைத் தொழுகையின் கடைசி இருப்பில் தரையில் இருக்க வைப்பது' என்று இலக்கை எழுதிக் கொடுத்தேன். அதை எட்டினால்தான் பாஸ். ஆசிரியர் வாசித்து, "புத்தகத்தில் இல்லாத இலக்கு. நல்லது" என்றார்.

சூட்டு ஒத்தடம், மெல்ல மெல்ல மடக்குதல், கோணம் அளத்தல். இரண்டு மாதம் போனது. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்க, தரையில் பாயை விரித்து, நானே இருந்து காட்டினேன். இடக்காலை வலப்பக்கமாக வெளியே விட்டு, பின்புறத்தைத் தரையில் பதித்து. அவருடைய கால் அந்த அளவுக்கு மடங்கும் என்று எனக்குத் தெரியும்.

மனுசன் என்னையே பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிட்டார். "பாருங்கள் பாய், இந்தப் பிள்ளை என்னை என் பெண்சாதி மாதிரி இருக்கச் சொல்கிறான்!"

அறையே சிரித்தது. அவர்களுடைய வழக்கத்தில் அப்படி இருப்பது பெண்கள். ஆண்கள் கடைசி இருப்பிலும் இடப்பாதத்தை மடித்து, அதன்மேல் இருப்பார்கள். அதற்கு முழங்கால் முற்றாக மடங்க வேண்டும். ஒரு வருஷம் அவர்களோடு தோளுரசித் தொழுதிருக்கிறேன். ஆனால் தொழுகையில் நெற்றியை வைத்து ஸுஜூது செய்யும் இடத்தைப் பார்ப்பேனே தவிர, பக்கத்து ஆளின் காலை யார் பார்த்தது? அளந்தேன். இன்னும் இருபத்தைந்து பாகை வேண்டும்.

ஆசிரியரிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: "இலக்கை மாற்றி எழுது. கதிரையில் காலைத் தொங்கவிட்டு இருக்க வைப்பது என்று. அது எப்போதோ வந்துவிட்டது. நீ பாஸ்."

பேனையை எடுத்தேன் மகள், பொய் சொல்லவில்லை. உன்னுடைய படம் ஒன்று அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் இலக்கு எட்டியதென்று எழுதினால் கடைக்காரரின் சிகிச்சைக் கோப்பை மூடிவிடுவார்கள். அவருடைய நேரம் வேறொருவருக்குப் போய்விடும். அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "நாளைக்கும் வரலாம்தானே?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

இலக்கை மாற்றாமலே, பரீட்சை அன்று அவரைப் பாயில் இருத்தினேன். குதிகாலுக்கும் பின்புறத்துக்கும் இடையே நாலு விரல் இடைவெளி. பரீட்சகர் கேட்டார்: "ஏன் முடியவில்லை?"

"சேர், எங்கள் ஊரில் இருக்கிற மாதிரிக்குப் பழக்கினேன். இவர் எப்படி இருப்பார் என்று கேட்கவில்லை."

"கேட்காமல் வைத்தியம் செய்கிறவருக்கு மூன்று மாதம் கழித்து மறுபரீட்சை" என்று எழுதிக்கொண்டார்.

லீவு போனது. மற்றப் பொடியன்மார் பெட்டி கட்டினார்கள். நான் உம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று பக்கம் எழுதிக் கிழித்து, கடைசியில் அரைப் பக்கம் அனுப்பினேன். மூன்று கிழமைக்குப் பதில் வரவில்லை.

தேநீர்க் கடைக்காரர் ஒரு நாளும் தவறவில்லை. மறுபரீட்சைக்கு முந்தின கிழமை, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, இடப்பாதத்தின் மேல் முழுப் பாரத்தையும் விட்டு இருந்தார். தொழுகையை முடிப்பது போல வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பி ஸலாம் கொடுத்தார். பிறகு எழும்ப முடியவில்லை. "இருத்திவிட்டாய், இனி எழுப்பு!" என்று சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிய. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போதும் நினைத்தால் நெஞ்சு இளகும்.

அந்த முறை பாஸ். ஆனால் லீவு முடிந்து இரண்டாம் வருஷமும் தொடங்கிவிட்டது. படிப்பை முடித்துக்கொண்டு கல்முனைக்கு வந்து இறங்கியபோது நீ நடக்கவும் பழகிவிட்டாய். என்னைக் கண்டதும் வீரிட்டு அழுது உம்மாவின் சாரிக்குள் ஒளிந்தாய். நான் செய்தது சரிதானா என்று அந்தக் கிழமை முழுக்க யோசித்தேன். மூன்றாம் நாள்தான் என் கையிலிருந்து ஒரு பிஸ்கட் வாங்கினாய். வாங்கிக்கொண்டு திரும்பவும் உம்மாவிடமே ஓடிவிட்டாய்.