மெஷின் நின்ற பிறகும்

"மெஷின் நின்னுடுச்சு. அப்புறமும் எனக்குள்ள ஏன்டி ஓடிக்கிட்டே இருக்கு?" என்று என்னிடம் கேட்டாள் சித்தி.

சித்தி கார்மெண்ட்ஸ் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள். பள்ளியை முடித்த நானும் அவளுக்குப் பக்கத்து மெஷினில்தான் தைக்கிறேன். நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடிப்போகும் நோய் அவளுக்கு. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்கு வருவாள். மாடிப்படியில் பாதியில் நின்று, "நீ போ, நான் லிஃப்ட்ல வரேன்" என்பாள். எங்கள் கம்பெனியில் லிஃப்ட் கிடையாது.

அன்று காலையிலிருந்தே நெஞ்சு படபடக்கிறது என்றாள். யாரும் பயப்படவில்லை. நாள் முழுக்கத் தைத்தால் மெஷினின் அதிர்வு உடம்பில் தங்கிவிடும். வீட்டுக்குப் போனாலும் கை நடுங்கும். எங்கள் எல்லோருக்கும் உள்ளதுதான்.

"மெஷின் உடம்புல ஏறிடுச்சுக்கா. இனிமே தூக்கத்துலயும் காலர் தைப்பீங்க" என்றாள் பட்டன் தைப்பவள்.

"தச்சா சூப்பர்வைசர் கணக்குல சேர்ப்பாரா?" என்றாள் சித்தி. சிரித்தோம்.

பிறகு கரண்ட் போனது. எல்லா மெஷின்களும் ஒன்றாக அடங்கின. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டு, என் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். எண்ணவே முடியாத வேகத்தில் அடித்தது. உதடு கறுத்திருந்தது. வீங்கிய காலில் செருப்பு வார் பதிந்திருந்தது. சூப்பர்வைசரைக் கத்திக் கூப்பிட்டேன்.

"கொஞ்சம் படுக்கச் சொல்லும்மா, சரியாயிடும்" என்றார் சூப்பர்வைசர்.

"படுத்தா மூச்சு முட்டுது சார். ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள் சித்தி.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். நுரையீரல் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் வீங்கிவிட்டது, அதனால் துடிப்பு தாளம் தவறி ஓடுகிறது என்றார் டாக்டர். "சாதாரண ஆளுங்க கொஞ்சம் தாங்குவாங்க. இவங்க இதயத்துக்கு அந்தத் தெம்பு இல்ல. மின் அதிர்ச்சி கொடுத்துத்தான் சரிபண்ணணும். அதுக்குக் கொடுக்கற மயக்க மருந்தே இவங்களுக்கு ஆபத்துதான். ஆனா இப்படியே விட முடியாது."

தகவல் கேட்டு ஓடிவந்த சித்தப்பா, வெளியே சித்தியின் செருப்புகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடிய கதவையே பார்த்தோம். உள்ளே ஏதோ கீழே விழுந்த சத்தத்துக்கு இருவரும் எழுந்துவிட்டோம்.

நர்ஸ் வந்தாள். "துடிப்பு சீராயிடுச்சு. ஆனா மறுபடி வரலாம்."

அந்த 'வரலாம்' இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அடிக்கடி சித்தியின் நாடியைப் பிடித்துப் பார்க்கிறேன். "நான் என்ன வாடகை வீடாடி, வந்து வந்து பாக்குற?" என்று திட்டுகிறாள். திட்டட்டும்.

இந்த நோய் உள்ளவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதைச் சொல்லுங்கள்: நெஞ்சு திடீரென்று படபடத்து ஓடினால் வேறு காரணம் தேட வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்களிடமும் சொல்லுங்கள்.