“நீ குடி, நான் பாக்கறேன்”

சுனாமி வந்து போன மறு வருடம். புதுச்சேரி கடைத்தெருவில் ஒரு பெரிய துணிக்கடையில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அப்பா வேலை பார்த்த மில்லில் ஆட்குறைப்பு செய்து அனுப்பிவிட்டார்கள். அதனால் பிளஸ் டூ முடித்த கையோடு நான் வேலைக்குப் போயே ஆகவேண்டிய நிலை. அரியாங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். மூன்றாவது மாடியில் பட்டுப்புடவைப் பிரிவில் நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்றால் நிஜமாகவே நிறுத்தினார்கள். காலையிலிருந்து கடை மூடும்வரை உட்கார அனுமதி கிடையாது.

அங்கேதான் அந்த அக்காவைச் சந்தித்தேன். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். ஊர் குருசுக்குப்பம். கணவருக்கு மீன்பிடித் தொழில். கடல் அவருடைய படகை உடைத்துப் போட்டதும், இரண்டு பெண் பிள்ளைகளையும் எப்படியாவது படிக்கவைத்துவிட வேண்டும் என்று அக்கா வேலைக்கு வந்துவிட்டார். நல்ல களையான முகம். அவர் ஒரு புடவையைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டினால், வந்தவர்கள் அதையே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்று நான் வீட்டிலிருந்து பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். மதியத்துக்குள் குடித்தும் தீர்த்துவிட்டேன். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டாம் முறை கேட்கப் போனபோது, “இப்பத்தானம்மா போன? அதுக்குள்ள இன்னா?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார். புடவை பார்க்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா என்னை ஓரமாக அழைத்துப்போனார். “பாட்டில நாளைலேர்ந்து எடுத்தாராத. காலைல டீ கூட குடிக்காத. தாகமா இருந்தா வாயக் கொப்புளிச்சித் துப்பிடு. கொஞ்ச நாள்ல பழகிப்பூடும்” என்றார்.

எங்களுக்கென்று இருந்த கழிப்பறை, கீழே குடோனுக்குப் பின்னால் இருந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் அது ஒன்றுதான். காலையில் கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் வரும். அதற்குப் பிறகு உள்ளே கால் வைக்க முடியாது. இரண்டாவது மாடியில் வாடிக்கையாளர்களுக்காக ஒரு கழிப்பறை இருந்தது. பளபளவென்று டைல்ஸ் போட்டிருக்கும், எந்நேரமும் தண்ணீர் வரும். அதன் சாவி பில் போடும் இடத்தில் தொங்கும். நாங்கள் அதைத் தொடக்கூடாது.

எனக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே கழிப்பறையாவது இருந்தது. அக்கா இருந்த தெருவில் யார் வீட்டிலும் கழிப்பறை இல்லை. பெண்கள் விடிவதற்கு முன்னால் கடற்கரைக்குப் போவார்கள், அப்புறம் இருட்டிய பிறகுதான். இடையில் உள்ள பகல் முழுவதும் அவர் அடக்கிக்கொண்டுதான் நின்றார்.

அவர் சொன்னதுபோல எனக்கும் பழகிவிட்டது. எங்கள் மாடியில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் இருந்தோம். “ஒன்னுக்குப் போனா எரியுதுடி” என்று ஒருத்தி காதோடு சொன்னால் இன்னொருத்தி பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். அதை ஒரு வியாதி என்றே நாங்கள் நினைக்கவில்லை.

தீபாவளி நெருங்கியது. கடையில் நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். அக்காவுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தது. இடுப்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே மறு கையால் புடவை விரிப்பார். “டாக்டரப் பாத்துட்டு வாங்கக்கா” என்றேன். “சீசன் முடியட்டும், இப்ப லீவு கேட்டா வூட்டுக்கே போன்னுடுவாங்க” என்றார்.

ஒரு நாள் மத்தியானம். கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. அரக்கு நிற முகூர்த்தப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பிய அக்கா, புடவையோடு அப்படியே சரிந்து விழுந்தார். ஓடிவந்த சூப்பர்வைசர் முதலில் புடவையை உருவி எடுத்து, கறை எதுவும் பட்டிருக்கிறதா என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் ஆட்டோ கூப்பிடச் சொன்னார். அந்தக் காட்சியை என்னால் மறக்கவே முடியவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, “ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?” என்று கேட்டார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். கிருமி ரத்தத்தில் பரவிவிட்டது, இரண்டு சிறுநீரகமும் ஏற்கெனவே ரொம்பப் பழுதாகியிருக்கிறது என்றார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள்.

தீபாவளி முடிந்து கடைக்கு விடுமுறை விட்ட அன்று பார்க்கப் போனேன். கணவர் வராந்தாவில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். அக்காவின் முகமும் காலும் வீங்கியிருந்தன. சிறுநீர் பிரியவில்லை என்பதால் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் தரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அந்த டம்ளரும் காலையிலேயே காலியாகிவிட்டிருந்தது.

“இங்க பாத்தியா? பக்கத்துலயே கக்கூஸு. கொழாயத் தொறந்தா தண்ணி கொட்டுது. எங்க போறன்னு கேக்க ஆளில்ல. இப்பப் போயி குடிக்கக் கூடாதுங்கறாங்க” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு என் தோளைப் பார்த்து, “பையில தண்ணி வெச்சிருக்கியா?” என்று கேட்டார்.

“இருக்குக்கா. ஆனா உங்களுக்குத் தரக்கூடாதே...”

“எனக்கில்ல. நீ குடி. என் எதுர நின்னு குடி, நான் பாக்கறேன்.”

பாட்டிலைத் திறந்து குடித்தேன். பாதியில் நிறுத்தியபோது, “முழுசாக் குடி” என்றார். நான் விழுங்க விழுங்க, அவருடைய தொண்டையும் கூடவே ஏறி இறங்கியது. கண்ணீரும் தண்ணீருமாக அத்தனையையும் குடித்து முடித்தேன். “இனிமே இப்பிடித்தான் குடிக்கணும், இன்னா?” என்று என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த வாரம் முடிவதற்குள் அக்கா போய்விட்டார்.

காரியத்துக்குப் போய்விட்டுக் கடைக்குத் திரும்பிய அன்று, யாரிடமும் சொல்லாமல் கவுண்டர்மேல் தண்ணீர் பாட்டிலை வைத்தேன். புடவை பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே குடித்தேன். பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்துவிட்டுப் பாட்டிலை வாங்கி அவளும் குடித்தாள். மத்தியானம் எங்கள் மாடிப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து இரண்டாவது மாடிக்கு இறங்கிப் போய்ச் சாவியைக் கேட்டோம்.

“அது கஸ்டமருக்கு” என்றார் பின்னாலேயே வந்த சூப்பர்வைசர்.

எங்களில் அதிகம் பேசவே பேசாத ஒரு பெண் சொன்னாள்: “அவங்க விழுந்ததும் கஸ்டமர் எதுர்லதான் சார். சாவியக் குடுங்க.”

துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சத்தம் கேட்டுக் கடை முதலாளி வந்து எங்களைப் பார்த்தார். தானே சாவியை எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து பெண் ஊழியர்களும் அதைப் பயன்படுத்தலாம் என்று ஆனது. பொங்கல் முடிந்ததும், ஆள் அதிகமாக இருக்கிறது என்று சொல்லி என்னையும் சாவி கேட்ட அந்தப் பெண்ணையும் நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

வருத்தம் வேறு. சில மாதங்கள் கழித்து அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். தெருக்குழாய் வரிசையில் குடத்தோடு அவருடைய பெரிய பெண் நின்றுகொண்டிருந்தாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாளாம். அவளுடைய அப்பாவிடம் எவ்வளவோ பேசிப் பார்த்தேன். “தண்ணி பிடிக்க, சின்னதப் பாத்துக்க வூட்ல ஆரும்மா இருக்கா? நான் அடுத்தவங்க படகுலயாவது கடலுக்குப் போவ வாணாமா?” என்று கேட்டார் அவர்.

இப்போது எந்தத் துணிக்கடைக்குப் போனாலும், விலை கேட்பதற்கு முன்னால் அங்கே நிற்கும் பெண்ணிடம், “தண்ணி குடிச்சியாம்மா?” என்று கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் சிரித்து மழுப்பிவிடுகிறார்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொண்டே அவர்கள் கையிலிருந்து புடவையை வாங்குவது, இத்தனை வருடமாகியும் எனக்குப் பழகவே இல்லை.