பக்னர் என்று தைத்த சட்டை

அப்பாவின் முழங்கால்களுக்கு நான் கடைசியாகக் கட்டுப் போட்டது ஒரு வியாழக்கிழமை மாலை, எங்கள் சமையலறையில். ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் கால் நீட்டியிருந்தது. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அந்த முழங்கால்களையும் நானே படம் எடுத்திருக்கிறேன். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அவற்றில் இல்லை.

"இறுக்கிக் கட்டு ரோனி. குதிக்கணும்."

"குதிக்கல்லாம் கூடாதுப்பா. நின்ன இடத்துலேர்ந்து போடு."

"நின்னுகிட்டுப் போட்டா அதுக்குப் பேரு ஷாட்டா? குப்பையத் தூக்கி வீசுற மாதிரி இருக்கும்."

இரண்டாவது காலைக் கட்டும்போது, தன் பழைய சட்டை இன்னும் தையல்கடையில்தான் இருக்கிறது என்றார். "ஒர்லீன் முடிக்கல. முதுகுல பேரு எழுத்து கோணலா வந்துச்சாம், பிரிச்சுட்டுத் திரும்பத் தைக்கிறாளாம். சனிக்கிழமை போய் வாங்கிக்கணும். இன்னிக்கி அரங்கத்துக்காரனுங்க குடுக்குறதப் போட்டுக்க வேண்டியதுதான்."

என் அப்பா வெர்டெல் பக்னர். கென்டக்கியில், ஒஹையோ ஆற்றங்கரையில் எங்கள் ஊர். முப்பத்தோரு வருடம் விஸ்கிக் கிடங்கில் பீப்பாய் உருட்டினார். அதற்கு முன்னால், ஒரு சீசனின் பாதி வரை, ரிவர்மென் அணியில் கூடைப்பந்து ஆடினார். பெரிய லீக்குக்குப் போட்டியாக வந்த லீக் அது. சிவப்பு வெள்ளை நீலத்தில் பந்து. ஒன்பது வருடத்தில் மூடிவிட்டார்கள். பெரிய லீக் நான்கு அணிகளை மட்டும் எடுத்துக்கொண்டது. எங்கள் அணி அந்த நான்கில் இல்லை. மூடிய லீக் கொண்டுவந்த மூன்று புள்ளிக் கோட்டையும் பிறகு எடுத்துக்கொண்டது.

டிவியில் எவனாவது தூரத்திலிருந்து போட்டு மூன்று புள்ளி வாங்கினால் அப்பா நிமிர்ந்து உட்காருவார். "அது எங்க கோடு. அவனுங்க அதப் பாத்துச் சிரிச்சானுங்க. இப்ப அது இல்லாம ஒருத்தனுக்கும் ஆடத் தெரியாது."

முடிவெட்டும் கடை ஆல்வின் டீக் இதற்கென்றே காத்திருப்பான். "கோடு உன்னுதா? கோட்ட வேற யாரோ போட்டான்டா. உனக்குக் கெடச்சது கரடி."

ஊரில் அவருக்குப் பெயரே அதுதான். கரடி. பாதிரியார்கூட அப்படித்தான் கூப்பிட்டார். என்னைப் பள்ளிக்கூடத்தில் கரடிக்குட்டி என்றார்கள்.

நடந்தது இது. அந்த லீக்கில் ஆட்டம் பார்க்கக் கூட்டம் வராது. அதனால் இடைவேளையில் வித்தை காட்டுவார்கள். ஒரு ஜனவரி இரவு ரோஸி என்ற கரடியைக் கொண்டுவந்தார்கள். நகத்தைப் பிடுங்கி, வாய்க்குப் பூட்டுப் போட்ட கரடி. அதனுடன் மல்லுக்கட்ட வேண்டிய ஆள் குடித்துவிட்டு வரவில்லை. அணியின் முதலாளி, பெஞ்சின் கடைசியில் இருந்த அப்பாவிடம் வந்தார். "நீ போ. இல்லேன்னா திங்கக்கிழமை வீட்டுக்குப் போ."

அப்பா போனார். கரடி அவரைச் சாய்த்து மேலே உட்கார்ந்தது. கூட்டம் மரப்பலகைகளை மிதித்து மூன்று எண்ணியது. அதுதான் வழக்கம். ஆள் கீழே விழுந்தால் எண்ண வேண்டும். மூன்றானதும் கரடிக்கு ஒரு பாட்டில் கோலா. ரோஸி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததாம். அப்பாவின் காறை எலும்பில் விரிசல் விட்டிருந்தது.

மூன்று எண்ணியதற்குப் பின்னால் நடந்ததுதான் அப்பாவுக்குக் கதை. இரண்டாவது பாதியில் கோச் அவரை உள்ளே அனுப்பினார். விரிசல் விட்ட எலும்போடு கோட்டுக்கு வெளியே நின்று போட்டார். பந்து வலையைத் தவிர எதையும் தொடாமல் இறங்கியது. அவர் அந்த லீக்கில் போட்ட ஒரே மூன்று புள்ளி. பார்க்க ஆளில்லை. எல்லோரும் வெளித் தாழ்வாரத்தில் கரடியைத் தொட்டுப் பார்க்க வரிசையில் நின்றார்கள்.

மூன்று வாரத்தில் அவரை அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். சீசனில் பாதியைத் தாண்டியவனுக்குத்தான் சட்டை முதுகில் பெயர் தைப்பது முதலாளியின் வழக்கம். அப்பாவின் சட்டையில் எண் மட்டும் இருந்தது.

இந்த வருடம், அதே அரங்கில் இப்போது ஆடும் சின்ன அணி பழைய ரிவர்மென் நினைவாக ஓர் இரவு நடத்த நினைத்தது. விளம்பரம் பார்க்கும் க்ரெய்க் என்பவன் வீட்டுக்கு வந்தான்.

அப்பா கேட்டது ஒன்றுதான். "என்ன ஆட்டக்காரன்னு சொல்லிக் கூப்பிடணும். கோட்டுக்கு வெளியேருந்து ஒரு ஷாட் போட விடணும்."

"கண்டிப்பா சார். ஷாட் இல்லாமயா?"

அன்றிலிருந்து ஆறு வாரம் சர்ச் வண்டி நிறுத்தத்தில் உள்ள வளையத்தில் போட்டார். பத்துக்கு இரண்டு விழுந்தது. பிறகு மூன்று. ஆல்வின் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து வேலியில் சாய்ந்துகொண்டு பார்ப்பான்.

"டேய் கரடி, வளையம் மேல இருக்குடா."

"உன் வாயும் மேலதான் இருக்கு. அதுக்குள்ள ஒண்ணு போடட்டா?"

அந்த வியாழக்கிழமை அரங்கின் பின்வாசலில் க்ரெய்க் சட்டையை நீட்டினான். அப்பா விரித்து, முதுகுப் பக்கம் திருப்பினார். 'கரடி' என்று அச்சடித்திருந்தது.

"என் பேரு பக்னர்."

"தெரியும் சார். ஆனா பக்னர்னு போட்டா மேல உக்காந்திருக்கவங்களுக்கு யாருன்னு எப்படித் தெரியும்?"

அப்பா சட்டையை மறுபடி முன்பக்கம் திருப்பினார். "ஷாட் உண்டுல்ல?"

"உண்டு சார்."

போட்டுக்கொண்டார். நான் என் இருக்கைக்குப் போனேன்.

இடைவேளையில் விளக்கை அணைத்தார்கள். ஒலிபெருக்கி, "கரடியோட மல்லுக்கட்டிய மனுஷன்!" என்று கத்தியது. ஆட்டக்காரன் என்ற சொல் வரவில்லை. அப்பா கையில் சிவப்பு வெள்ளை நீலப் பந்தோடு வெளிச்சத்துக்கு வந்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கோட்டுக்குப் போய், காலால் அதைத் தொட்டுப் பார்த்து, ஓரடி பின்னால் நின்றார். முழங்காலை மடக்கினார்.

எதிர்ப் பக்கத்திலிருந்து கரடி வேஷம் போட்ட ஒருவன் ஓடி வந்தான். அவனுக்குச் சொல்லி வைத்திருந்தது, பந்தைத் தட்டிவிட்டு அப்பாவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று. அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் குதித்தார். பந்து கையை விட்டதும் கரடி அதைத் தட்டியது. அவர் இறங்கும்போது வலது கால் மடங்கியது. பக்கவாட்டில் விழுந்தார்.

கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் என் அப்பா வயதுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காலத்து ஆட்டங்களைப் பார்த்தவர்கள். ஆள் கீழே விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பலகையை மிதித்தார்கள். "ஒண்ணு!" அரங்கம் முழுதும் சேர்ந்துகொண்டது. "ரெண்டு!"

அவருடைய வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. இடுப்பு எலும்பு உடைந்தால் அப்படித்தான் கிடக்கும். என் மேஜைக்கு வாரம் இரண்டு பேர் அப்படி வருவார்கள். கீழே ஓடினேன். தடுப்புக் கயிற்றுக்கு அருகில் நின்ற காவலாள் கையை நீட்டித் தடுத்தான்.

"அம்மா, ஷோ முடியட்டும்."

"அவருக்கு எலும்பு உடைஞ்சிருக்கு."

"நல்லா நடிக்கிறாரு, இல்ல?"

"மூணு!" ஒலிபெருக்கிக்காரன் கோலாப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். வேஷக்காரனுக்குத்தான் முதலில் புரிந்தது. கரடித் தலையைக் கழற்றிவிட்டு ஆள் கூப்பிட்டான். தலையைக் கழற்றியதற்குக் கூட்டம் அவனைப் பார்த்து ஊளையிட்டது.

நான் போனபோது அப்பா தரையில் கன்னத்தை வைத்து வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் தட்டலேன்னா உள்ள போயிருக்கும்ல?"

பந்து கையை விட்டதை நான் பார்த்தேன். தாழ்வாகப் போனது. வளையத்தின் முன்விளிம்பைக்கூடத் தொட்டிருக்காது. "போயிருக்கும்பா," என்றேன்.

எக்ஸ்ரேயை என் ஆஸ்பத்திரியிலேயே எடுத்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. கூட வேலை பார்ப்பவள் எடுத்தாள். தொடை எலும்பின் கழுத்து, இடுப்போடு சேரும் இடத்தில், முழுதாக முறிந்திருந்தது. மறுநாள் ஆபரேஷன் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆல்வின் போனை எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்குக் கண் சிவந்திருந்தது. ஆனாலும் அவனால் அவனாகத்தான் பேச முடியும்.

"பாருடா. ஊர் ஊரா உன்னத்தான் பாக்குறானுங்க. கரடி ரெண்டாந்தடவையும் ஜெயிச்சிருச்சு."

அப்பா போனில் ஓடிய வீடியோவைப் பார்த்தார். தான் விழுவதை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார். "ஷாட்டு எங்க?"

"எதுடா?"

"நான் போட்ட ஷாட்டு. வெட்டிட்டானுங்க."

உண்மைதான். வெளியிட்டவர்கள் அவர் விழுவதிலிருந்து தொடங்கியிருந்தார்கள்.

ஆல்வின் போனைப் பையில் போட்டுக்கொண்டான். "பழைய ஷாட்ட நான் பாத்தேன்டா," என்றான்.

"நீ கரடி பாக்க வரிசையில நின்ன. நீயே சொல்லியிருக்க."

அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிறு காலை கழிப்பறைக்குப் போக எழுப்பி நிறுத்தியபோது, காலில் உறைந்திருந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போனது. நர்ஸ் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பக்னர், பக்னர் என்று இரண்டு தடவை. அவருக்குக் கேட்டிருக்காது.

உள்ளூர்ப் பத்திரிகை செய்தி போட்டது. கரடியுடன் மோதியவர் காலமானார். கீழே ரோஸியின் படம். க்ரெய்க் பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தான். நடுவில் கோலாப் பாட்டில் வடிவத்தில் சிவப்புப் பூ. ஆல்வின் அதை எடுத்துப் போய்ச் இறுதிச்சடங்கு மண்டபத்தின் குப்பைத் தொட்டியில் போட்டான். வண்டியில் இடமில்லை என்று என்னிடம் சொன்னான்.

அடக்கம் முடிந்த பிறகு தையல்கடை ஒர்லீன் போன் செய்தாள். அவளுக்கு எழுபத்தாறு வயது. பத்திரிகை வாங்குவதில்லை. அவள் சர்ச் வேறு.

"வெர்டெல் மகதானே? சட்டை ரெடிம்மா. எழுத்து இப்ப நேரா இருக்கு. சனிக்கிழமை வர்றேன்னாரு, ஆளக் காணோம்."

நடந்ததைச் சொன்னேன்.

போனில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ பின்னால் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நா என்ன பண்றதும்மா," என்றாள். "வேற யாரு வந்து கேட்டாலும் குடுக்காதன்னாரு. அரங்கத்துக்காரனுங்க அதுல வேற ஏதாச்சும் எழுதி வச்சிருவானுங்க, நானே வர்றேன்னாரு."

"மகள்கிட்டயும் குடுக்கக் கூடாதுன்னாரா?"

"உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லலம்மா. நானே வர்றேன், அப்படின்னுதான் சொன்னாரு."

பக்னர் என்ற பெயரோடு சட்டை அங்கேதான் தொங்குகிறது; நான் இன்னும் போகவில்லை. கடை ஆறு மணிக்கு மூடும்.