பட்டையை எடுத்த ஐந்து நிமிடம்

கூட்டம் நிறைந்த எந்தக் கூடத்துக்குப் போனாலும் இப்போதும் என் கண் திரையில் ஓடும் படத்துக்குப் போகாது. அதன் அடியில் எண்கள் நகரும் பட்டைக்குத்தான் போகும். அது இருக்கிறதா, இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். உட்காரவே முடியாது. "இன்னா, இங்க வந்தும் டூட்டியா?" என்பார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கல்யாணத்துக்கு முன் கிருமாம்பாக்கத்திலிருந்து ஒரு பெரிய மருத்துவமனைக்கு வேலைக்குப் போய்வந்தேன். காத்திருப்புக் கூடம், கேன்டீன், வார்டு என எங்கும் டிவிகள். டிவி படம் ஒரு வழியில் வரும். டாக்டர் அறைகளிலிருந்து டோக்கன் எண்கள் வேறு வழியில் வரும். இரண்டையும் ஒரே திரையில் சேர்த்து எல்லா டிவிக்கும் அனுப்புவது கன்ட்ரோல் ரூமில் எங்கள் இரண்டு பேர் வேலை. இன்னொருத்தி குருவிநத்தத்துக்காரி. என் வயதுதான், வாய் மட்டும் இரண்டு மடங்கு. யார் கேட்டாலும் சேனல் மாற்றுவாள், பட்டையை மட்டும் தொடவிடமாட்டாள். "படம் பாக்கவா பஸ் ஏறி வந்தாங்க? நம்பருக்குடி" என்பாள்.

அன்றைக்கு அவள் நைனா என்று கூப்பிடும் அப்பாவே கூடத்தில் காத்திருந்தார். கரும்பு வெட்டிய மனுஷன், நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. அவரைப் பார்க்கவேண்டிய இதய டாக்டர் மாதத்துக்கு ஒருநாள்தான் வருவார்; ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். மூன்றாம் மாடியில் இருண்டுபோன டிவிகளைப் பார்க்கப் போகும்முன் அவள் சொன்னாள்: "நைனா நம்பர் எழுபத்தி நாலு. காது மந்தம், கூப்ட்டா கேக்காது. டிவியதான் பாத்துக்கினு இருக்காரு. பாத்துக்கடி."

"போடி, எனக்குத் தெரியாதா?" என்றேன்.

அன்று எங்கள் பக்கத்துத் தேர். உள்ளூர் சேனலில் நேரலை. எல்லாரும் கேட்டார்களே என்று அதைத்தான் போட்டிருந்தேன். தேர் அசையும் நேரம் கற்பூரம் காட்டினார்கள். கேமரா அம்மனை நெருங்கியது. எங்கள் பட்டையோ சரியாக அம்மன் பாதத்தின்மேல், எலும்பு முப்பத்தொன்று, தோல் ஐம்பத்திரண்டு என்று ஓடியது. எனக்கு மனசு கேட்கவில்லை. சாமி காலில் தோல் வியாதியா? ஆரத்தி முடியட்டும் என்று பட்டையை எடுத்துவிட்டேன். கூடமே எழுந்து கும்பிட்டது. அவள் நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டதைக் கண்காணிப்புத் திரையில் பார்த்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பட்டையைத் திரும்பப் போட்டபோது இதயம் எழுபத்தேழு. அவள் நைனாவின் எண் தாண்டிப் போயிருந்தது. கூப்பிட்டு வராதவர்களைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். கடைசியிலாவது பார்ப்பார்களே என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். எழுந்து ஓடியிருக்கலாம், ஓடவில்லை. கடைசி வருவதற்குள் மணி ஒன்றாகி, டாக்டர் கார் ஏறிவிட்டார்.

சாயங்காலம் வாசலில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா காட்னம்மா. கிட்ட நின்னு கும்ட்ட மாரியே இருந்துச்சி." பக்கத்தில் அவள் எழுபத்துநாலாம் எண் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை.

அந்த ஒரு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் அவள் உள்ளே வரும்போது முகத்தைத்தான் பார்ப்பேன். "நைனா எப்படிடி?" "இருக்காரு." அவ்வளவுதான். போன் அடித்தாலே தூக்கிவாரிப் போடும். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் காரணம் நான்தானே?

அடுத்த மாதம் அதே டாக்டர் வந்த நாளில் அவள் லீவு போட்டுவிட்டு நைனா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் எண் பத்தொன்பது. அது வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? படத்தை எடுத்தேன், பட்டையையும் எடுத்தேன், கேன்டீனிலிருந்து பிரசவ வார்டு வரைக்கும் எல்லா டிவியிலும் திரை முழுக்கப் பத்தொன்பதைப் போட்டேன். அவர் எழுந்து, மகள் தோளைப் பிடித்து, மெல்ல நடந்து டாக்டர் அறைக்குள் போனார். அப்போதும் அதை எடுக்க என் கை பட்டனுக்குப் போகவில்லை.

போன் அடித்தது. அவள்தான். மாதம் முழுக்க ஒரு வார்த்தைக்குமேல் பேசாதவள் மூச்சிறைக்கக் கத்தினாள்:

"நைனா உள்ள போயிட்டாரு. எடுடி, பைத்தியமே! மத்தவங்க நம்பர் தெர்லன்னு நிக்கறாங்க. அவங்களும் யாருக்கோ நைனாதான?"