தாபியோ நட்ட டாஃபடில்கள்

அவுலிஸ் புல் வெட்டும்போது நேராகப் போகவே மாட்டார். எந்திரத்தை நாலடி தள்ளுவார், மஞ்சள் டாஃபடில் பூக்கொத்து ஒன்றைக் கண்டதும் பல்லைக் கடித்துக்கொண்டு வளைவார், மறுபடி நாலடி. பக்கத்து வீட்டுக்காரன் நான் வேலியோரம் நின்றால் காதுக்கவசத்தை ஒரு பக்கம் மட்டும் தூக்கிவிட்டு ஆரம்பித்துவிடுவார். “ஊர்ப் புல்லெல்லாம் நான் தீட்டின பிளேடுலதான் வெட்டுப்படுது. என் வீட்டுப் புல்லுக்கு மட்டும் செத்துப்போன ஆளுகிட்ட அனுமதி வாங்கணும்.”

செத்துப்போன ஆள் தாபியோ, மிர்யாவின் முதல் கணவர். சாவதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் இரண்டு வாளி டாஃபடில் கிழங்குகளைக் கைபோன போக்கில் புல்தரையில் வீசி, விழுந்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் நட்டார். எங்கள் பின்லாந்தில் பனி கரைந்து மே பிறந்தால் அந்த முற்றம் முழுக்க அவர்தான். நாலு வருடம் கழித்து மிர்யாவைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவர் அவுலிஸ். வயது அறுபத்திரண்டு. புல்வெட்டும் எந்திரமும் மரம் அறுக்கும் ரம்பமும் பழுதுபார்ப்பவர். “வருஷா வருஷம் ஆளைப் பெருக்கிக்கிட்டே போறான்யா” என்பார். கிழங்கு மண்ணுக்குள் குட்டி போடுவதைத்தான் சொல்கிறார்.

அவுலிஸும் சும்மா இருக்கவில்லை. ஒரு செப்டம்பரில் வாசற்படிக்கு நேரெதிரே இருநூறு சிவப்புத் துலிப் நட்டார். பனிக்கு அடியில் வயல் எலிகள் பாதியைத் தின்றன, முளைத்த மீதியை முயல் மேய்ந்தது. டாஃபடில் பக்கம் இரண்டுமே போகவில்லை. அதில் விஷம் இருக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். “விஷமாவது ஒண்ணாவது. முயலுக்கும் அவன்மேலதான் மரியாதை.” அதன்பிறகு அவருக்கு மஞ்சள் நிறமே ஆகாமல் போய், மஞ்சளாக இருந்த தபால் பெட்டிக்குக்கூடச் சாம்பல் வண்ணம் அடித்தார்.

மே மாதக் காலைகளில் மிர்யா குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு காபிக் கோப்பையோடு படியில் வந்து நிற்பாள். பத்து நிமிடம் பூக்களைப் பார்ப்பாள். ஜன்னலுக்குப் பின்னால் அவுலிஸ் ஏலக்காய் ரொட்டியைத் தின்னாமல் பிய்த்துப் போட்டுக்கொண்டிருப்பார். “என்னை ஒரு நாளாவது அப்படிப் பாத்திருக்காளா?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

பூ உதிர்ந்த பிறகும் இலையை வெட்டக்கூடாது. அது ஜூலை வரை வெயில் குடித்து, தானாகப் பழுத்துச் சாய்ந்தால்தான் கிழங்குக்குச் சோறு, மறுவருடம் பூ. போன ஜூனில் மிர்யா துர்க்கு நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு மூன்று நாள் போயிருந்தாள். இரண்டாம் நாள் காலை எந்திரம் வளையாமல் ஓடும் சத்தம் கேட்டு வேலிக்குப் போனேன். பச்சை இலைகளை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தார். “நடுக்கோடைப் பண்டிகைக்கு ஆளுங்க வருவாங்கல்ல” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். நானும் தடுக்காமல் வேடிக்கை பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஊரிலிருந்து திரும்பிய மிர்யா முற்றத்தைப் பார்த்தாள். பெட்டியோடு உள்ளே போனாள்.

இந்த மே மாதம் நோஞ்சான் இலைகள் மட்டுமே வந்தன. ஒரு மொட்டு கிடையாது. ஆனாலும் தினமும் கோட்டும் கோப்பையுமாக மிர்யா வந்து நிற்கிறாள், அதே பத்து நிமிடம். “திட்டித் தொலைச்சாலாவது தேவல. ஒண்ணும் சொல்லாம வந்து நிக்கிறா. இப்ப எதைப் பாக்கிறான்னு தெரியலயே” என்று புலம்புகிறார் அவுலிஸ். முன்பு பூவின் மேல் இருந்த பொறாமை இப்போது வெறும் புல்லின் மேல்.

நேற்றுக் காலை பெர்ரிப் புதருக்கு அடியில், போன வருடம் பிளேடு எட்டாத மூலையில், ஒற்றை டாஃபடில் விரிந்திருந்தது. நான் பார்த்தபோது அவுலிஸும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் கதவு திறந்ததும் சட்டென்று அதற்கு முன்னால் போய், மறைத்து நின்றுகொண்டார்.

“அங்க என்ன பண்ற?” மிர்யா கேட்டாள்.

“ஒண்ணுமில்ல.”

அவள் காபியைக் குடித்து முடித்தாள். அவருடைய பூட்ஸின் குதிகால் பூவின் தண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் போதும், கதை முடிந்தது. மிர்யா திரும்பிக் கதவில் கை வைத்தாள்.

“மிர்யா” என்று கூப்பிட்டுவிட்டு, அவுலிஸ் ஓரடி விலகி நின்றார்.